குழு அறிமுகம்

நான்காவது பாட்டு முடிந்ததும் குழுவினரை அறிமுகப்படுத்துவது மரியதாஸின் வழக்கம். இந்தக் கல்யாண வரவேற்பு மேடையில் அவரும் ஒரு லேப்டாப்பும்தான். வாத்தியமெல்லாம் அதற்குள்ளிருந்து வருகிறது. ஆனாலும் அவர் வழக்கத்தை விடவில்லை. "கீபோர்டு, நம்ம சுந்தரேசன்!" என்று வெற்றிடத்தை நோக்கிக் கை நீட்டி, கைதட்டலுக்கு நேரம் விட்டார். "கிட்டார், ஃபிரான்சிஸ்!" அங்கே ஏர்கூலர் நின்றது. "தபேலா, நம்ம செல்லமுத்து!"

மணப்பெண்ணின் தாய்மாமன் மேடையேறி வந்தார். "யாரை சார் சொல்றீங்க? இங்க ஒருத்தரையும் காணோமே?"

குழு இருந்த காலத்தில், பாடகர் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது அசிங்கம் என்பார் செல்லமுத்து. கடைசியில் மைக்கை வாங்கி அவர்தான் மரியதாஸின் பெயரை முழங்குவார். அந்தப் பழக்கத்தில் மரியதாஸ் மைக்கை இடப்பக்கம் நீட்டினார். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. அவர் கும்பிட்டபடி தலைகுனிந்து காத்திருந்தார்.

"அடுத்த பந்தி ரெடி! எல்லாரும் சாப்பிட வாங்க!" என்று முழங்கினார் தாய்மாமன்.

மண்டபமே எழுந்து நின்றது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் முற்றிலும் அடங்கிய பிறகும் மரியதாஸ் நிமிரவில்லை.