விலாசம் வருகுதில்லை

"உதை ஆர் அண்ணை செய்தது?" யூட் மகேந்திரராசா வீட்டுக் கொம்பியூட்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"கடைசியாப் பாத்தது எங்கட றொபேட்தான்," என்றார் மகேந்திரராசா. "ஏலேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்."

அவனால் முடியவில்லை என்பதை யூட்டால் நம்ப முடியவில்லை. றொபேட் டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் ஒரு பெரிய கம்பனியின் கொம்பியூட்டர்களையெல்லாம் கட்டி மேய்க்கிறவன். யூட்டோ ஹோர்சன்ஸில் களஞ்சிய வேலை; தெரிந்தவர்கள் கூப்பிட்டால் மட்டும் ரயிலேறிப் போய்த் திருத்திக் கொடுப்பார். இங்கே வைஃபை நன்றாக வருகிறது, இன்ரநெற்றில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. டி.என்.எஸ் பெட்டிக்குள், ஒன்றுக்கும் உதவாத இலக்கம் கையால் அடிக்கப்பட்டிருந்தது.

"நாங்கள் பேரைக் குடுக்க, விலாசம் தேடித் தாறதுதான் இந்த டி.என்.எஸ். அதுக்குள்ளை போய் ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு அடிச்சு வைச்சிருக்கிறான். நேர்சரிப் பிள்ளை மாதிரி."

மகேந்திரராசா சிரிக்கவில்லை. பாசல் இன்றைக்குப் போனால்தான் பேரனின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முதல் போய்ச் சேருமாம். மகள் கஜந்திக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தியைக் கோயிலில் யாரோ சொன்னார்களாம். அன்றைக்கே பேரன் கழுத்தில் போடத் தங்கத்தில் பஞ்சாயுதம் சொல்லிச் செய்வித்துவிட்டார்.

"அவள் வீடு மாறிப்போட்டாள். நம்பரும் மாறிப்போச்சு. கைக்குழந்தையோட எங்களுக்கு எடுத்துச் சொல்ல அவளுக்கு நேரமெங்கை? அரசாங்கப் பக்கத்திலை பேரை அடிச்சால் விலாசம் வருமாம். இது வருகுதில்லை."

தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி கமலாதேவி கோப்பையை யூட்டின் கைக்குள் வைத்தார். "உந்தக் கொம்பியூட்டர் பழசு, தம்பி. விட்டிட்டு வந்து சாப்பிடுங்கோ."

"நீ சும்மா இரப்பா," என்றார் மகேந்திரராசா.

யூட் பிழையான இலக்கத்தை அழித்துவிட்டுச் சரியானதை அடித்தார். காலநிலைப் பக்கம் டக்கென்று திறந்தது. இந்த வீடிருக்கும் ஸ்கீவவில் கிழமை முழுக்க மழை.

மகேந்திரராசா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மழைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகளின் பிறந்த திகதியைச் சொல்லி, அதையும் பெயரையும் அடிக்கச் சொன்னார்.

"நான் பாசலைக் கொண்டாறன்," என்று உள்ளே போனார்.

யூட் அடித்தார். விலாசம் தேடும் பக்கம் உடனேயே பதில் தந்தது. டேனிஷில் ஒரேயொரு வரி: இவர் கேட்டுக்கொண்டபடி, இவருடைய விலாசம் எவருக்கும் வழங்கப்படமாட்டாது.

யூட் நிமிர்ந்தார். கமலாதேவி திரையைப் பார்க்கவேயில்லை.

"தாய் தேப்பனுக்கும்தான், தம்பி."

உள்ளே அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. யூட் அந்தப் பக்கத்தை மூடினார். டி.என்.எஸ் பெட்டியைத் திரும்பத் திறந்து, தான் அடித்ததை அழித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மகேந்திரராசா பாசலை மேசையில் வைத்தார். மேலே கஜந்தியின் பெயரை உருட்டி உருட்டி எழுதியிருந்தார். அதற்குக் கீழே இடம் வெறுமையாகக் கிடந்தது. கண்ணாடியைப் போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ம், சொல்லும் தம்பி."

"திரும்பவும் நிண்டுபோச்சு. என்னாலையும் ஏலேல்லை, அண்ணை."