நனையாத ரகுநாதன்

மழை விட்டும் லயத்தின் தகரக் கூரை சொட்டிக்கொண்டே இருக்கிறது. குரங்கணிக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் அவை. வாசலில் உட்கார்ந்து ஏலக்காயில் காம்பு கிள்ளியபடி, சுருளியம்மாள் பக்கத்து வீட்டு மொக்கம்மாளுக்கு ஒரு தொடர்கதையைச் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறாள். "மத்த கதையெல்லாம் சும்மாக்கா. இதை மட்டும் விட்றாத. பொஞ்சாதிக்குத் தலைவலின்னா, இதுல வர்ற ரகுநாதனே காப்பி போட்டுக் குடுக்குறாரு. வாராவாரம் நான் வாசிச்சுக் காட்டுறேன்." அந்தக் கதை வரும் வாரப் பத்திரிகையைப் போடியில் வாங்கிக்கொண்டு மலையேறி வந்து நிற்கும் புருஷன் கன்னையனுக்கு அந்தக் குரலின் குழைவு நெஞ்சைச் சுடுகிறது. பத்து வருஷத்தில் ஒருநாளும் அவனைப் பற்றி அவள் இப்படிப் பேசியதில்லை. அவனுக்கு எழுத்துத் தெரியாது. கதைக்குப் போட்டிருக்கும் படத்தில் இருக்கும் அந்த அரும்பு மீசைக்காரனை மட்டும் நன்றாகத் தெரியும். வழியில் இரண்டு தரம் பத்திரிகையை ஓடையில் எறியக் கை ஓங்கியவன்தான். "அடியே, காப்பி போடுற ஆளு வந்தாச்சு" என்று மொக்கம்மாள் சிரிக்கிறாள். கன்னையனின் தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது. தலைக்குப் போட வேண்டிய சாக்கு, கக்கத்தில் பொட்டலமாக இருக்கிறது. அதைப் பிரித்துப் பத்திரிகையை எடுத்து நீட்டுகிறான். "இந்த வாரமாச்சும் அவன் செத்துத் தொலைஞ்சானான்னு பாரு." சுருளியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்க்கிறாள். முகம் மலர்கிறது. "நல்லவேளைக்கா, அவரு மேல ஒரு சொட்டுப் படல."