நிலவறையில் ஒரு வருடம்

சுரங்க வேலைக்குப் புறப்பட்டு நின்றான் தேய்ன். யூட்டா மலைப்பாதையைப் பனி மூடிவிட்டதாக ரேடியோ சொன்னதும் டிபன் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

“பயப்படாத ஆர்வெல்லா. நம்ம மார்மன் சபை சொன்னபடி கஷ்டகாலத்துக்குன்னு சேர்த்த ஒரு வருஷத்துக் கோதுமை கீழ நிலவறையில இருக்கு. சபையை நடத்துற பிஷப்பே நம்ம வீட்டுக்குச் சாப்பிட வருவாரு பாரு!”

அவள் நிலவறைப் படியை நோக்கி விரைந்தாள். “நீங்க இருங்க, நான் போய் எடுத்துட்டு வரேன்.”

அதற்குள் அவன் நிலவறைக்குள் இறங்கிவிட்டான். டின்கள் கடகடவென்று உருண்டன.

“எல்லாம் காலிடி! யாருக்குத் தூக்கிக் குடுத்த? பிள்ளைங்க என்னத்தச் சாப்பிடும்?”

“நமக்குத்தான் சமைச்சேன். உங்கள வேலையவிட்டு நிறுத்தின அன்னிக்கே சுரங்கத்துலேருந்து போன் வந்துடுச்சு. நீங்களா சொல்வீங்கன்னு ஒரு வருஷமா அந்தக் கோதுமையிலதான் டப்பா கட்டிக் குடுத்தேன்.”

அவன் கையிலிருந்த காலி டின்னைக் கீழே வைத்தான்.

“கடைசி ரொட்டி மேசை மேல இருக்கற உங்க டப்பாவுலதான் இருக்கு. வந்து திறங்க, பிள்ளைங்களுக்குக் குடுப்போம்.”