ஏழாவது பண்ணை

"பொய் சொல்லாதேய்யா! ஏழு பண்ணைக்கும் உன் லாரிதான் போயிருக்கு!" மேஜையில் ஓங்கி அடித்தார் கணக்குப்புலி.

அது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். பறவைக் காய்ச்சல் எங்கே, எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வது அவர் வேலை. ஒரு மாதமாகப் புலியின் பாச்சா பலிக்கவில்லை.

முதல் பண்ணைக்கு நோய் வந்தது குளத்து வாத்துகளால். அதோடு அடங்கிவிடும் என்றது அவர் கணக்கு. அடங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பண்ணைகளில் கோழிகள் செத்து விழுந்தன. நேற்று ஏழாவது பண்ணையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கே தொற்றி, செயற்கைச் சுவாசத்தில் கிடக்கிறாள்.

கணக்கில் காக்கையைச் சேர்த்துப் பார்த்தார், காற்றைச் சேர்த்துப் பார்த்தார், முட்டை அட்டையைக்கூட விடவில்லை. ஒன்றும் பொருந்தவில்லை. எரிச்சலில் கீபோர்டை இரண்டு முறை தூக்கி எறிந்தாயிற்று.

"நாலு பண்ணைக்குத்தான் நான் தீவனம் ஏத்திட்டுப் போறேன் சார்," என்றார் லாரி டிரைவர். "ஆஸ்பத்திரியில கிடக்கிறது என் கூடப்பிறந்த தங்கச்சி. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"ஏழுக்கும் ஒரே வண்டி போச்சுன்னு போட்டாத்தான் பொருந்துது. என் கணக்கு தப்பாகாது. ஒவ்வொரு பண்ணையா நானே நேர்ல போய், கொட்டகைக்குள்ள நுழைஞ்சு எண்ணிட்டு வந்த கணக்கு!" சேறு காய்ந்த பூட்ஸ் காலால் தரையை உதைத்தார். "மேலிடத்துல தினமும் என்னைப் போட்டு வறுத்தெடுக்கறாங்க. பைத்தியமே பிடிச்சிடும் போல இருக்கு!"

டிரைவர் போனை எடுத்தார். "ஏழு பண்ணை வாட்ச்மேனும் கேட் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. என் லாரி நாலுலதான் இருக்கு. ஆனா ஏழுலயும் வேற ஒரு வண்டி இருக்கு சார். தங்கச்சி பண்ணைக்கு அது வந்துட்டுப் போன நாலாம் நாள் கோழி விழுந்திருக்கு. ரெண்டாவது பண்ணையிலேர்ந்து எல்லாத்துலயும் அப்படித்தான்."

புலி துள்ளி எழுந்தார். "அப்பாடா! அப்ப நான் சொன்னது சரிதான். எவன் வண்டி? சொல்லு, இப்பவே அவனைப் பிடிச்சு உள்ளே தள்றேன்!"

டிரைவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"வாசல்ல நிக்குதே சார், உங்க ஜீப்பு."