இரண்டு திருகாணிகள்

“என் கம்ப்யூட்டர்ல உங்களுக்கு என்ன வேலை?”

ஹுவேயின் கூச்சலில் டிசைன் பிரிவே விழித்துக்கொண்டது. மதியச் சோற்றுக்குப் பின் விளக்குகளை அணைத்து, மேசைகளுக்கு அடியில் பாய் விரித்து, பியென் ஹோவா நகரின் அந்த ஃபேன் தொழிற்சாலை முழுவதும் உறங்கும் நேரம் அது.

அவளுடைய நாற்காலியில் மூத்த டிசைனர் லோக் அமர்ந்திருந்தார். அவர் கை மவுஸின் மேல் இருந்தது.

“ஒண்ணுமில்லம்மா, நீ தூங்கு. ராத்திரியெல்லாம் குழந்தைக்கு ஜுரம்னு சொன்னியே...”

“நான் தூங்குனா உங்களுக்கு வசதிதானே!”

யாரோ விளக்கைப் போட்டார்கள்.

மூன்று மணிக்கு இறுதிச் சோதனை. இருவரும் தனித்தனியே வரைந்த ஃபேன்களைப் புதிய மென்பொருள் ஒன்று எடைபோடவிருந்தது. எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு மின்சாரம், பழுதானால் பிரித்து மறுபடி உருக்க முடியுமா, இல்லை குப்பைமேட்டுக்குத்தானா என்றெல்லாம் கணக்கிட்டு, அது பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை இல்லாத பொருளை ஐரோப்பாவில் வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே, பச்சை பெற்றவர் வேலையில் நீடிக்கலாம். சிவப்பு பெற்றவர் மாதக் கடைசியில் வெளியேற வேண்டும். பிறர் கை பட்ட வரைபடம் சிவப்பாகவே கொள்ளப்படும்.

மேலாளர் குவான் அறையிலிருந்து வந்தார்.

“உங்க படம் திங்கட்கிழமை ஒத்திகையிலயே பச்சை காட்டிருச்சே, அண்ணே! அப்புறம் இந்தப் பொண்ணு படத்துல என்ன தேடுனீங்க?”

“காலையிலயே ஆரம்பிச்சுட்டாரு, பாஸ்,” ஹுவேயின் குரல் உடைந்தது. “‘அந்த மோட்டார் மூடியை இன்னொரு தடவை பாரும்மா’ன்னாரு. என்னைக் குழப்பத்தான்னு அப்பவே புரிஞ்சுது.”

“தினமும் நமக்கு முன்னாடி குறட்டை விடுற மனுஷன்,” என்றாள் பக்கத்து மேசை துயேத், பாயைச் சுருட்டியபடியே. “இன்னிக்குச் சத்தமே இல்லையேன்னு நான் யோசிச்சிருக்கணும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள்.

“எதையாவது மாத்துனீங்களா, அண்ணே?”

லோக் ஹுவேயைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

“இல்ல. சும்மா பார்த்தேன்.”

“வாய் நிறையச் சித்தப்பா, சித்தப்பான்னு கூப்பிட்டேனே!” என்றாள் ஹுவே. “இனிமே என் பக்கம் வராதீங்க, ஐயா.”

மேலாளரைத் தவிர எல்லாரையும் உறவு சொல்லியே அழைக்கும் அந்த அறையில், ‘ஐயா’ என்பது கன்னத்தில் விழுந்த அறை. லோக் தலையைக் குனிந்துகொண்டார்.

“வீட்டுக்குப் போங்க, அண்ணே,” என்றார் குவான். “நாளையிலிருந்து வரவேண்டாம்.”

இருபத்திரண்டு ஆண்டு வேலை. தேநீர்க் குடுவையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய பாய், விரித்தது விரித்தபடியே, மேசைக்கு அடியில் கிடந்தது.

மூன்று மணிக்குக் குவான் ஹுவேயின் வரைபடத்தை மென்பொருளில் திறந்தார். எல்லாரும் அவர் முதுகுக்குப் பின்னால் கூடினார்கள். ஹுவே கண்களை மூடிக்கொண்டாள். தன் ஃபேன் காலை ஒத்திகையில் சிவப்பு காட்டியதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“பச்சை!” என்று கத்தினாள் துயேத். கைதட்டல் எழுந்தது.

ஹுவே திரையைப் பார்த்தாள். மோட்டார் மூடியை உடலோடு பசையால் ஒட்டித்தான் அவள் வரைந்திருந்தாள். ஒட்டினால் பிரிக்க முடியாது. இப்போது அங்கே பசை இல்லை. அதன் இடத்தில் இரண்டு திருகாணிகள் இருந்தன.

திரையின் ஓரத்தில், சிறிய எழுத்தில், கடைசியாக மாற்றிய நேரம்: 12.41.

அந்த நேரத்தில் அவள் பாயில் கிடந்தாள்.

“பசையை எடுத்துட்டு ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ! பழுதானா கழட்டிக்கலாம், உருக்கிக்கலாம்,” குவான் வண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எப்படிம்மா தோணுச்சு உனக்கு?”

ஹுவே லோக்கின் மேசைக்கு அடியில் கிடந்த பாயைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் லோக் திரும்பி வருவார், பச்சை சிவப்பாகிவிடும். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

பிறகு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து யோசிச்சது, பாஸ்.”