ஒழுகாத தொட்டி

1943. பெங்களூர் ராணுவத் தண்டில், யுத்த வேலைக்கு ஆள் தயார்செய்த வெல்டிங் பள்ளியில் அன்று கடைசிப் பரீட்சை. ஆள் உயர இரும்புத் தொட்டியை ஒழுகாமல் பற்றவைக்க வேண்டும். பரீட்சகர் சில்வெஸ்டர், என் சிநேகிதன் ஆம்ப்ரோஸுக்கு மட்டும் தனியாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "ஒரு சொட்டு ஒழுகினாலும் என் மக நோராவ மறந்துடணும்."

சில்வெஸ்டர் தொட்டியைச் சுற்றி வந்தார், சுத்தியலால் தட்டினார், பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தார். பையன் தேறிவிடுவானோ என்று ஒரு பரீட்சகர் நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"எங்கடா அவன்?"

"இங்கதான் சார்!" என்றது ஆம்ப்ரோஸின் குரல்.

"மேல வெல்டிங் ஒயர் போற ஓட்டையில தண்ணிய விடுங்கப்பா."

"ஐயோ, வேணாம் சார்!"

"ஏன், ஒழுகுமா?" சில்வெஸ்டருக்கு முகம் மலர்ந்தது.

"ஒரு சொட்டு ஒழுகாது சார். அதான் பயமா இருக்கு."

"ஒழுகலேன்னா என்னடா பயம்? முன்னால வந்து பேசு!"

"வர முடியல சார்."

நான் ஏணியில் ஏறி ரப்பர் குழாயை ஓட்டைக்குள் விடப்போனேன். உள்ளேயிருந்து ஒரு விரல் நீண்டு, வேண்டாம் என்று ஆடியது.

"கடைசி மூடிய உள்ளருந்தே பத்தவச்சேன் சார்," என்றது தொட்டி. "அப்பத்தான் கோடு நேரா வந்துச்சு."

சில்வெஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தொட்டிய வெட்டி அவன வெளிய எடுங்கடா!"

விரல் இன்னும் வேகமாக ஆடியது.

"மொதல்ல பாஸ் போடுங்க மாமா. வெட்டினா ஒழுகும்."