இருவாச்சி வீட்டு வாசலில்

சந்தை வேப்பமரத்தில் குடியிருந்த அணில் அண்ணாச்சிக்கு, இருவாச்சிப் பறவையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மழைக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த மலையணில் தங்கச்சி வழிகாட்டியாகக் கூட வந்தது.

“அம்மாடி, எவ்வளவு பெரிய இலை! தங்கச்சி, அங்கே பாரு காளானை!” என்று அண்ணாச்சி கிளைக்குக் கிளை கீச்சிட்டார்.

“இனிமே மூச்சு விடக்கூடாது அண்ணாச்சி. அந்தப் பொந்துலதான் இருவாச்சி அம்மா வாசலை அடைச்சுக்கிட்டு குஞ்சோட இருக்கா. அப்பாதான் பழம் கொண்டுவந்து ஊட்டணும். சத்தம் கேட்டா வரமாட்டாரு. அப்புறம் உள்ளே பட்டினிதான்.”

சொல்லி முடிப்பதற்குள் அத்திப்பழத்தோடு அப்பா இருவாச்சி வந்தது.

“வந்துட்டாரு, வந்துட்டாரு!” என்று அண்ணாச்சி கத்திவிட்டார். பறவை அப்படியே திரும்பிப் போய்விட்டது. பொந்துக்குள் குஞ்சு அழுதது.

அண்ணாச்சி, ‘கடவுளே, அவரை மறுபடி வரவை’ என்று வேண்டிக்கொண்டு, ஓர் அத்திக்காயைப் பறித்துத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துச் சிறகுச் சத்தம் கேட்டது. பழம் பொந்துக்குள் போனது. அண்ணாச்சியின் வால் மட்டும் துள்ளித் துள்ளி ஆடியது.

காட்டைத் தாண்டியதும் மலையணில் கேட்டது: “எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?”

அண்ணாச்சி கண் கலங்கத் தலையை ஆட்டினார். அத்திக்காய் இன்னும் வாயில்தான் இருந்தது.